எட்டுச் சுண்டு ஒரு சுண்டாக: தீவகத்துக் கைமருந்து

பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணத்தை விட்டு இறங்கி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என்று கடந்து போனால், ஊர்காவற்றுறைத் துறைக்குச் சற்று முன்னால் கரம்பொன் வரும். கரம்பன் என்றும் எழுதுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மாரி நன்றாக ஊற்றி, பிறகு ஒரு கிழமை வெயில் எறித்தபின் இந்த வீதியால் நடக்கவேண்டும். கோடை முழுக்கச் செத்துக் கிடந்த மண்ணில் கால் வைக்கிற இடமெல்லாம் கீழ்க்காய்நெல்லி. மதகோரத்தில் தேங்காய்ப்பூக்கீரை வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும். பாழ்வளவுகளில் குப்பைமேனியும் நாயுருவியும் முழங்கால் மட்டும் எழும்பி நிற்கும். பழைய கிளுவை வேலி எங்காவது தப்பியிருந்தால் அதன்மேல் முசுட்டை, முடக்கொத்தான், தூதுவளை, கொவ்வை என்று நாலு கொடி சேர்ந்து படர்ந்திருக்கும். கடற்கரைப் பக்கம் போனால் மணலில் அடம்பனும் யானைநெருஞ்சியும்.

இத்தனையும் மருந்து என்று ஒரு பட்டியல் எழுதிவிடலாம். ஊர்ப்புற மூலிகைகள் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை அப்படித்தான் எழுதப்படுகின்றன. செடியின் ஊர்ப்பெயர், தாவரவியற் பெயர், பயன்படும் உறுப்பு, தீர்க்கும் நோய் என்ற நான்கு நிரல்களுக்குள் ஒரு ஊரின் வைத்தியம் அடங்கிவிடும். அப்படிப்பட்ட பட்டியல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றுக்குப் பின்னாலுள்ள அலைச்சலை மதிக்கிறேன். ஆனால் "ஆடாதோடை, இலை, குடிநீர், இருமல்" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையின் இருமலுக்கு ஒருவராலும் மருந்து காய்ச்ச முடியாது. எத்தனை இலை, முற்றலா கொழுந்தா, எவ்வளவு தண்ணீர், அது எவ்வளவுக்கு வற்றவேண்டும், நாளுக்கு எத்தனை தரம், எத்தனை நாள், எந்த வயதுக்கு மேல், என்ன குணம் கண்டால் மருந்தை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்? ஊர் வைத்தியம் என்று ஒன்று இருந்ததென்றால் அது இந்தக் கேள்விகளின் விடைகளில்தான் இருந்தது. கரம்பொன் பக்கத்தில் செடிகள் எஞ்சியிருக்கின்றன. அளவும் எல்லையும் அறிந்தவர்கள் குறைந்துகொண்டு போகிறார்கள். இந்தக் கட்டுரை அந்தக் கவலையிலிருந்து எழுதப்படுகிறது.

தீவகத்தில் கைமருந்து வேரூன்றியதற்குக் கடல் முதற் காரணம். சுண்ணாம்புக் கல்லின்மேல் மெல்லிய மண், அதற்குக் கீழே உவர்நீரின்மேல் மிதக்கிற மெல்லிய நன்னீர்ப் படை, ஆண்டில் மூன்று மாத மழை. இந்த நிலத்தில் தழைப்பவை வறட்சியைத் தாங்கும் ஆவரசு, எருக்கலை, கற்றாளை, பிரண்டை, வேம்பு, பனை போன்றவை. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். எழுவைதீவு, அனலைதீவு ஆட்களுக்கு ஊர்காவற்றுறைதான் கரை. சோளகம் கிளம்பும் மாதங்களிலும் மார்கழி வாடையிலும் கடல் கொந்தளித்தால் படகு விடமாட்டார்கள். இரவு பத்து மணிக்குப் பிள்ளைக்கு வயிற்றுக்குத்து வந்தால் விடியுமட்டும் தாயின் கையில் இருப்பது அடுப்படியும் கோடிப்புறமும்தான். நோயைத் தீர்ப்பதைவிட, விடியுமட்டும் தாங்க வைப்பதுதான் கைமருந்தின் பெரிய வேலையாக இருந்தது என்று நினைக்கிறேன். இந்த வேலையை மறந்துவிட்டு, புற்றுநோயைத் தீர்க்குமா, நீரிழிவைத் தீர்க்குமா என்று அதனிடம் கேட்பது அதற்கும் நோயாளிக்கும் செய்கிற அநியாயம்.

வெளியார் கவனிக்கத் தவறுகிற இன்னொன்று உண்டு. தீவகத்து மருந்தில் பாதி தீவில் விளைந்ததே இல்லை. வேலியிலிருந்து வருவது பச்சிலை; துறையிலிருந்து வந்தது சரக்கு. மிளகு, வேர்க்கொம்பு, திப்பிலி, கடுக்காய், வசம்பு, சாதிக்காய், கராம்பு எதுவும் இந்த உவர்மண்ணில் முளைக்காது. ஊர்காவற்றுறை பாய்க்கப்பல்களின் துறையாக இருந்த காலத்தில் இவை கடலால் வந்தன. பின்னர் தெற்கே கடை வைத்திருந்த தீவார் வீடு திரும்பும்போது கொண்டுவந்தார்கள். பச்சிலைச் சாற்றோடு கடைச்சரக்கைச் சேர்த்து அரைப்பதே இங்கத்தைய வழக்கம். ஆகவே இந்த வைத்தியத்தை "இயற்கையோடு ஒட்டிய, வெளியுலகம் தீண்டாத கிராமத்து அறிவு" என்று புகழ்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. அது ஒரு துறைமுகத்து அறிவு. 2020இல் இலங்கை அரசு மஞ்சள் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது விலை பல மடங்கு ஏறி, பாக்குநீரிணையால் மஞ்சள் கடத்தும் படகுகள் பிடிபட்டன. அந்த மாதங்களில் பிள்ளை பெற்ற வீடுகளில் தாய்க்குக் கொடுக்கும் காயச்சரக்கு அரைக்க மஞ்சளுக்கு அலைந்ததை நினைத்தால், அம்மிக்கும் துறைமுகத்துக்கும் உள்ள உறவு விளங்கும்.

மருந்தும் வணிகமும் ஒரே வேரில் கிடந்த கதையும் இந்த மண்ணுக்கு உண்டு. மணற்பாங்கான தரைகளில் படர்கிற சாயவேரை இறுக்கிச் சிவப்புச் சாயம் எடுப்பார்கள். யாழ்ப்பாணம், மன்னார், தீவுகள் ஆகிய இடங்களில் அதைக் கிண்டி எடுப்பது ஒல்லாந்தர் காலத்தில் கும்பனியின் தனியுரிமையாக இருந்தது. வேர் கிண்டிக் கொடுப்பது ஒரு சாதியார்மேல் சுமத்தப்பட்ட கடமை. அதே செடியைத்தான் சித்த மருத்துவ நூல்கள் இம்பூறல் என்ற பெயரில் இரத்தம் துப்பும் இருமலுக்கு விதிக்கின்றன. கும்பனியின் கணக்கேட்டில் அது நிறுவைக்குரிய பண்டம். கிண்டிய கைகளுக்கு அது என்னவாக இருந்ததென்பதை எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

இனி, யார் கையில் இந்த அறிவு இருந்தது என்ற கேள்விக்கு வருவோம்.

ஊரில் பரியாரியார் என்பவர் ஏடு படித்த வைத்தியர். நாடி பிடிப்பார், குடிநீருக்குச் சரக்கு எழுதிக் கொடுப்பார், பத்தியம் சொல்வார். எல்லாரும் எல்லாம் பார்ப்பதில்லை. ஒருவர் விஷகடிக்கு, ஒருவர் முறிவு நெரிவுக்கு, ஒருவர் கண்ணுக்கு, ஒருவர் செங்கமாரிக்கு, ஒருவர் குழந்தைப்பிள்ளைகளுக்கு என்று பெயர் எடுத்திருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு நூல் மரபு நிற்கிறது. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் செகராசசேகரன், பரராசசேகரன் என்று மாறி மாறிப் பட்டப்பெயர் சூடினார்கள். அந்தப் பெயர்களையே தாங்கிய செகராசசேகரம், பரராசசேகரம் என்ற வைத்திய நூல்கள் யாழ்ப்பாணத்துக்கே உரியவை. பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையா 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பகுதி பகுதியாக அச்சேற்றினார். நஞ்சு வைத்தியத்துக்குச் சுன்னாகம் வரத பண்டிதர் அமுதாகரம் செய்தார். பிள்ளையார் கதையைப் பாடியவரும் அவரே. பெருங்கதை விரத நாட்களில் கோயில் மண்டபத்தில் இருந்து அந்தக் கதையைக் கேட்கிற எத்தனையோ பேருக்கு, அதைப் பாடியவர் நஞ்சுக்கு மருந்து எழுதியவர் என்பது தெரியாது.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் இருந்துகொண்டு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, அறுவைச் சிகிச்சை, மருந்தியல் என்று நூல்களைத் தமிழாக்கினார், தமிழாக்குவித்தார். உள்ளூர் வைத்தியத்தின் இடத்தில் மேலை வைத்தியத்தை வைப்பதே அவருடைய நோக்கம். என்றாலும் இந்துபதார்த்தசாரம் என்ற மருந்துச்சரக்கு நூல் போன்றவற்றால் ஒரு பழக்கம் தமிழுக்கு வந்தது. சரக்கின் பெயரோடு நிறுத்தாமல், கொடுக்கவேண்டிய அளவையும் உரைநடையில் வெளிப்படையாக எழுதும் பழக்கம் அது. நம் பரியாரி குடும்பங்களின் வழக்கம் இதற்கு நேர்மாறாக இருந்தது. மருந்தின் பெயரை வெளியே சொன்னால் பலிக்காது என்ற நம்பிக்கை, ஒரு சரக்கை மட்டும் மகனுக்குக் கடைசி நேரத்தில் சொல்கிற வழக்கம், ஏட்டைப் பெட்டிக்குள் பூட்டி வைக்கிற வழக்கம் எல்லாம் சேர்ந்து எத்தனையோ கைமுறைகளைச் சுடலைக்கு அனுப்பின. போரைக் குற்றம் சொல்வதற்கு முன் இதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

பிறகு சட்டம் வந்தது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்த வைத்தியத்தையும் தன் குடைக்குள் எடுத்து, வைத்தியர்களைப் பதிவு செய்யும் முறையை ஏற்படுத்தியது. 1984இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவ அலகு தொடங்கியது. கைதடியில் சித்த போதனா வைத்தியசாலை நடக்கிறது. இவை பெரிய பேறுகள். ஏட்டு வைத்தியம் பல்கலைக்கழகத்துக்குள் ஒரு நாற்காலி பெற்றது. ஆனால் ஏடு படிக்காமல், கையாலும் நாவாலும் மட்டும் அறிவைக் கடத்திவந்தவர்களுக்கு எந்தப் பதிவேட்டிலும் நிரல் இல்லை. மருத்துவிச்சிகளைச் சொல்கிறேன். பல ஊர்களில் அவர்கள் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள். படலைக்கு வெளியே நிற்க வைக்கப்பட்ட பெண்ணை, இரவில் நோவு கண்டதும் அறைக்குள் கூட்டிக்கொண்டு போன சமூகம் இது. பிள்ளை கிடக்கும் பக்கம், நஞ்சுக்கொடி விழுகிற நேரம், தாயின் உதிரப்போக்கில் அச்சப்படவேண்டிய அளவு என்று அவர்கள் அறிந்திருந்ததை ஒரு வைத்திய நூலும் அவர்களின் பெயர் சொல்லி எழுதவில்லை.

பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திய பராமரிப்பைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். தீவகத்துச் செடி அறிவு மிகவும் திரண்டு நின்றது அங்கேதான். இன்று ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில். அது நல்லது. தாய் சாவு குறைந்ததற்கு இலங்கையின் அரசாங்க மருத்துவிச்சிகளும் இலவச மருத்துவமும் காரணம். அதில் எனக்குத் தடுமாற்றமே இல்லை. ஆனால் தாயும் பிள்ளையும் வீடு திரும்பிய பிறகு, 31ஆம் நாள் துடக்குக் கழியுமட்டும், வீட்டின் முறை தொடங்குகிறது. பாவட்டை, நொச்சி, ஆமணக்கு, வேம்பு இலைகளைப் பெரிய கிடாரத்தில் அவித்து, அந்த வெந்நீரைப் பொறுக்கக்கூடிய சூட்டில் இடுப்பிலும் முதுகிலும் அடித்து ஊற்றுவார்கள். காயத்துக்கு மிளகு, மல்லி, சீரகம், வேர்க்கொம்பு, மஞ்சள், உள்ளி ஆகியவற்றை அம்மியில் மை போல அரைத்து உருட்டி, நல்லெண்ணெயோடு கொடுப்பார்கள். மிளகாய்த்தூள் படாத சரக்குக் கறி. பால் சுரக்கப் பால்சுறா. பிஞ்சு முருங்கைக்காய். இரவில் உள்ளி போட்டுக் காய்ச்சின பால்.

இதில் இலை எது, சரக்கு எது என்பதைவிட முறையைப் பாருங்கள். முதல் நாட்களில் காயம் சுண்டங்காயளவு. நாள் போகப் போகக் கூடும். தாய் மெலிந்தவளா, பிள்ளைக்கு வயிறு பொருமுகிறதா என்று பார்த்து மிளகைக் குறைப்பார்கள். அறுவைச் சிகிச்சைப் பிள்ளை என்றால் தையல் காயுமட்டும் வெந்நீர் அடிப்பதில்லை. இந்தக் கடைசி விதி எந்த ஏட்டிலும் இருந்திருக்க முடியாது. ஆஸ்பத்திரியைக் கண்டபிறகு அம்மம்மாக்கள் தாங்களே சேர்த்துக்கொண்டது. மரபு தன்னைத் திருத்திக்கொண்டதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. திருத்தவேண்டியதும் உண்டு. தாய்க்குத் தண்ணீரைக் குறைக்கிற வழக்கம் பாலூட்டுகிறவளுக்குத் தீமை. பச்சைக் குழந்தையின் நாக்கில் கோரோசனை, வசம்பு என்று உரைத்துத் தடவுவதை நிறுத்தவேண்டும். பிறந்த குழந்தைக்கு ஆறு மாதமட்டும் தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம் என்று குழந்தை வைத்தியர்கள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கடையில் உருண்டையாக விற்பவற்றுக்குள் என்ன இருக்கிறதென்று உரைக்கிறவருக்கும் தெரியாது. 2004இல் பொஸ்ரன் நகரக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேத மருந்துகளில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. வேலியில் ஆய்ந்த இலைக்கும் கடையில் வாங்கிய டப்பாவுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நம் ஆட்கள் புலம்பெயர்ந்த நாடுகளில் மறந்துவிடுகிறார்கள்.

மருந்தும் சாப்பாடும் பிரிக்கமுடியாமல் கலந்திருப்பது இன்னொரு வளமான பக்கம். இலைக்கஞ்சிக்கு என்ன போடுவது என்று கரம்பொன்னில் நாலு வீட்டில் கேட்டால் நாலு விடை வரும். தூதுவளை, முடக்கொத்தான், வல்லாரை, மொசுமொசுக்கை, முசுட்டை என்று வேலி தருகிறதைப் பொறுத்து மாறும். சண்டியிலை வறை வாதத்துக்கு நல்லதென்பார்கள். இதே மரத்தின் இலையைத் தமிழ்நாட்டில் இலச்சைகெட்ட கீரை என்று கேட்டு வாங்குகிறார்கள். ஆவரசம்பூவைக் காயவைத்துத் தேத்தண்ணி போலக் குடிப்பது வரண்ட பிரதேசத்தில் சிங்களவரிடமும் தமிழரிடமும் ஒரேபோல உண்டு. தேங்காய்ப்பூக்கீரையை அவித்த தண்ணீர் நீர்க்கடுப்புக்கு. சிங்களத்தில் அதன் பெயர் பொல்பலா. பெயரின் முன்பாதி இரண்டு மொழியிலும் தேங்காய்தான். யார் யாரிடமிருந்து மொழிபெயர்த்தார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. ஒரே செடியைக் குனிந்து ஆய்ந்த இரண்டு கைகள் ஒன்றையொன்று பார்த்திருக்கின்றன.

ஆனால் பெயர்கள் ஆபத்தும் தரும். தமிழில் பாவட்டை என்பது வெள்ளைப் பூக்கொத்துள்ள ஒரு செடி. சிங்களத்தில் பாவட்டா என்றால் ஆடாதோடை. கொழும்பு மருந்துக்கடையில் "பாவட்டை" என்று கேட்கிற யாழ்ப்பாணத்தாருக்கு எது கிடைக்கும்? கீழ்க்காய்நெல்லி என்ற ஒரு பெயருக்குள் ஒரே சாயலுள்ள மூன்று நான்கு இனங்கள் நிற்கின்றன. கரிசலாங்கண்ணியில் வெள்ளைப்பூவும் மஞ்சட்பூவும் வெவ்வேறு செடி. பெயர் மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு உலகம் கண்ட கொடிய பாடம் பெல்ஜியத்தில் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பிரசெல்ஸ் நகரில் உடல் மெலியும் மருந்து எடுத்த பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் கெட்டது. ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக, பெயர் ஒத்த இன்னொரு மூலிகை அந்தத் தூளில் சேர்ந்துவிட்டது. சேர்ந்தது ஆடுதின்னாப்பாளையின் பேரினத்தைச் சேர்ந்த செடி. 1993இல் இது வெளியானபின் நூற்றுக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டது தெரியவந்தது. சிலருக்குப் பின்னர் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது. அந்தச் செடியிலுள்ள நச்சு அமிலம் இன்று மனிதருக்குப் புற்றுநோய் தருவதென உறுதிசெய்யப்பட்டவற்றின் வரிசையில் இருக்கிறது. ஆடுதின்னாப்பாளையும் பெருமருந்தும் நம் நஞ்சு வைத்தியத்தில் பெரிய பெயர் பெற்றவை. பெயர் எவ்வளவு பெரிதானாலும் அவற்றை இனி உள்ளுக்குக் கொடுக்கக்கூடாது.

ஆய்வுகூடம் ஊர் அறிவை உறுதிசெய்த இடங்களும் உண்டு. ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற பொருளின் வழியில்தான் புரோம்ஹெக்சின், அம்புரொக்சோல் என்ற சளி மருந்துகள் உருவாக்கப்பட்டன. ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் இருமல் பாணி வாங்கிக்கொண்டு வருகிறவர் வேலியிலிருந்த செடியின் ஒரு பேரப்பிள்ளையைப் போத்தலில் கொண்டுவருகிறார் என்று சொல்லலாம். அடம்பன் இலையை மீன்பிடிகாரர் கசக்கித் தடவுவது நம் கரைகளில் மட்டுமில்லை. தாய்லாந்தில் அதன் சாற்றைக் கடற்சொறி பட்ட தடிப்புக்கு மருந்தாகப் பல ஆண்டுகள் ஆராய்ந்து களிம்பாக்கினார்கள். "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று பழமொழி சொல்லி நிறுத்திக்கொண்டோம் நாங்கள்.

கீழ்க்காய்நெல்லியின் கதை இவ்வளவு நேரானதில்லை, அதனாலேயே அதிகம் கற்பிக்கிறது. செங்கமாரிக்கு அதை அரைத்து மோரிலோ ஆட்டுப்பாலிலோ கொடுப்பது தமிழ் கூறும் இடமெங்கும் வழக்கம். சென்னை ஆய்வாளர்கள் 1988இல் லான்செட் இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். கல்லீரல் அழற்சி பி வைரசைத் தாங்கியிருந்த 37 பேருக்கு 30 நாள் இந்தச் செடியைக் கொடுத்ததில் 22 பேரின் இரத்தத்தில் வைரசின் அடையாளம் மறைந்தது. வெறுமருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி நடந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற நாடுகளில் திரும்பச் செய்துபார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடியின் இனம் வேறா, பறித்த பருவம் வேறா, முதல் ஆய்விலேயே பிழையா என்று வாதம் நடந்தது. இன்றைய நிலையில் அதை அந்த வைரசுக்கு மருந்து என்று சொல்ல ஆதாரம் போதாது. அப்படியானால் ஊரில் குணமானவர்கள்? செங்கமாரியில் பெரும்பங்கு கெட்ட தண்ணீரால் வருகிற வகை. அது சில கிழமைகளில் தானாகவே தணியும். பரியாரியார் விதித்த ஓய்வும், எண்ணெய் இல்லாத பத்தியமும், மோரும் அந்தக் கிழமைகளை நோயாளிக்குப் பாதுகாப்பாகக் கடத்திக் கொடுத்தன. அது சிறிய காரியமில்லை. ஆனால் கண் மஞ்சளித்த ஒருவருக்கு மயக்கமோ பிதற்றலோ வந்தால், கர்ப்பிணிக்கு மஞ்சள் கண்டால், ஒரு இரவும் வைத்திருக்கக்கூடாது. இந்த எல்லையைத் தெரிந்த பரியாரிமார் இருந்தார்கள். "இது என்ர கையில நிக்காது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ" என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் ஊர் நம்பியது.

விஷகடியில் இந்த எல்லை இன்னும் கூர்மையானது. யாழ்ப்பாணக் குடாவிலும் தீவுகளிலும் நாகம், புடையன், விரியனோடு கரையோர வரண்ட நிலத்துக்குரிய சுருட்டையும் உண்டு. கடித்த பாம்புகளில் கணிசமானவை நஞ்சற்றவை. நஞ்சுள்ளதும் எல்லாக் கடியிலும் நஞ்சை இறக்குவதில்லை. பச்சிலை கட்டிப் பிழைத்தவர்களின் கதைகள் பெரும்பாலும் இங்கிருந்து வருகின்றன. 2017இல் உலகச் சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் வரிசையில் சேர்த்தது. அமுதாகரத்தை நான் பெருமையோடு வாசிக்கலாம், பாதுகாக்கலாம். ஆனால் கடிபட்டவரை, கடிபட்ட கையோ காலோ அசையாமல் கட்டி, நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவேன்.

இப்போது இழப்பைப் பற்றி. 1981 யூன் முதலாம் திகதி விடியும்போது யாழ்ப்பாண நூலகம் எரிந்துகொண்டிருந்தது. 97,000 வரையான நூல்களோடு ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. 1990, 1991ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளில் கரம்பொன் அடங்கிய வேலணைத் தீவு வெறிச்சோடியது. கரம்பொன் சனம் குடாநாட்டுக்கும், பிறகு வன்னிக்கும் கொழும்புக்கும், கனடா, பிரான்ஸ், சுவிஸ், லண்டன் என்றும் சிதறியது. வளவுகள் காடு பற்றின. சொல்லத் தயக்கமாக இருந்தாலும் உண்மை இது: ஆளில்லாத அந்த ஆண்டுகளில் செடிகள் நன்றாகவே வாழ்ந்தன. இன்றைக்கும் இடிந்த சுவர்களுக்கு மேலே முடக்கொத்தானும் கொவ்வையும் ஏறி நிற்கிற வளவுகள் கரம்பொன்னில் உண்டு. அவற்றுக்குப் பேர் சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லை.

திரும்பி வந்தவர்கள் கட்டிய முதல் பொருள் பெரும்பாலும் மதில். அதற்குக் காரணம் உண்டு; இருபது வருடம் கதவில்லாமல் கிடந்த வளவுக்கு எல்லை வேண்டும், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கும் அது நிம்மதி. ஆனால் கிளுவை, பூவரசு, முள்முருக்கு, ஆடாதோடை, பாவட்டை நட்ட உயிர்வேலிதான் எங்கள் மருந்துக்கடை. பூவரசம்பட்டை சிரங்குக்கு, ஆடாதோடை இருமலுக்கு, பாவட்டை பிள்ளை பெற்றவளின் குளிப்புக்கு. வேலி அடைக்க வருடா வருடம் கதியால் வெட்டும்போது எந்தச் செடி எது என்று பிள்ளைகள் கூட நின்று பழகினார்கள். மதிலுக்கு வருடாந்த வேலை இல்லை, ஆகவே பாடமும் இல்லை. வீதியோரப் புல்லுக்கு அடிக்கிற களைநாசினி மழைக்கு முளைத்த கீழ்க்காய்நெல்லியைப் புல்லிலிருந்து பிரித்துப் பார்க்காது. களைநாசினி அடித்த கரையில் ஆய்ந்த கீரையை மருந்தென்று குடிப்பவர் நஞ்சைக் குடிக்கிறார்.

செடிக்குப் பேர் சொல்ல ஆள் குறைகிற இதே கரம்பொன்னில்தான் தமிழறிஞர் சேவியர் தனிநாயகம் அடிகள் 1913இல் பிறந்தார். சங்கக் கவிதையில் இயற்கை எப்படி நிற்கிறது என்று உலகுக்கு எழுதியவர் அவர். திணைக்குச் செடியின் பெயரை வைத்த மொழி இது. நெய்தலின் அடும்பும் (நம் அடம்பன்தான்) தாழையும் புன்னையும் அவர் பிறந்த ஊரின் கரையில் இன்றைக்கும் நிற்கின்றன. பள்ளிக்கூடத்தில் அடும்பு என்ற சொல்லைப் பாட்டுக்குப் பொருள் எழுதப் படிக்கிற பிள்ளை, சைக்கிளில் வீடு போகும் வழியில் அதே கொடியை மிதித்துக்கொண்டு போகிறது. தமிழ்ப் பாடமும் விஞ்ஞானப் பாடமும் ஒரு நாள் சேர்ந்து கடற்கரைக்குப் போனால் என்ன என்று எனக்கு ஓயாத ஆசை.

இனி எழுதப்படும் ஆய்வு எப்படி இருக்கவேண்டும்? உலக மக்களில் 80 வீதமானோர் மரபு மருத்துவத்தை நம்பியிருக்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் பெயரால் எழுதப்படும் வாக்கியம் ஏறத்தாழ எல்லா மூலிகை ஆய்வின் முன்னுரையிலும் வருகிறது. அந்த எண் கரம்பொன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. வேண்டியது வேறு. ஒரு கிழவியின் அடுப்படியில் அவர் குடிநீர் காய்ச்சும்போது தராசோடும் அளவுக் குவளையோடும் பக்கத்தில் இருந்து, அவருடைய "ஒரு பிடி" எத்தனை கிராம், எட்டுப் பங்கு ஒரு பங்காக "எட்டொன்றாய்" வற்ற எத்தனை நிமிடம் என்று அளக்கவேண்டும். செடியைப் பூவோடும் காயோடும் உலர்த்தி வைத்துத் தாவரவியலாளரிடம் பெயர் உறுதிசெய்யவேண்டும். எப்போது கொடுக்கமாட்டீர்கள் என்ற கேள்வியை, எதற்குக் கொடுப்பீர்கள் என்ற கேள்விக்கு முன்னால் கேட்கவேண்டும். பலிக்காமற் போன நேரங்களையும் பதியவேண்டும். சொன்னவரின் பெயரை, அவர் விரும்பினால், மரியாதையோடு போடவேண்டும். வேம்புக்கும் மஞ்சளுக்கும் அந்நிய நாடுகளில் காப்புரிமை கொடுக்கப்பட்டு, மஞ்சளின் உரிமை 1997இலும் வேம்பின் உரிமை 2000இலும் இரத்தானதற்கு, பழைய பயன்பாடு எழுத்திலும் சாட்சியத்திலும் இருந்ததே காரணம். எழுதாத அறிவைக் காப்பாற்ற எந்தச் சட்டத்தாலும் முடியாது. பெட்டியில் ஏடு வைத்திருக்கிற குடும்பங்கள் அதை ஒளிப்படமாவது எடுக்க இடம்கொடுக்கவேண்டும். 2005இலிருந்து ஈழத்து எழுத்துகளை எண்ணிமப்படுத்திவரும் "நூலகம்" திட்டம் போன்ற முயற்சிகள் இருக்கும்போது, கறையானுக்குக் கொடுப்பதற்கு நியாயமில்லை.

என் உறவில் ஒரு பெண்பிள்ளை ஸ்காபுரோவில் இருக்கிறாள். போன மாரியில் பிள்ளைக்குத் தடிமன் என்று கரம்பொன்னுக்குத் தொலைபேசி எடுத்து, அம்மம்மாவிடம் மல்லித்தண்ணி காய்ச்சுகிற விதம் கேட்டாள். மல்லி ஒரு சிறங்கை, வேர்க்கொம்பு ஒரு சுண்டுவிரற் துண்டு, எட்டுச் சுண்டு தண்ணி விட்டு ஒரு சுண்டாக வற்றவிடு என்றார் அம்மம்மா.

"சுண்டு எண்டால் எவ்வளவு, அம்மம்மா?"

"ரின்பால் பேணியால ஒண்டு."

"இஞ்ச பேணி வேற அளவு. எத்தினை மில்லிலீற்றர்?"

அம்மம்மா தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டுக் குசினிக்குள் போய், மருந்துப் போத்தலோடு வந்த அளவுமூடியால் பேணிக்குள் தண்ணீர் விட்டு எண்ணத் தொடங்கினார். நான் பக்கத்தில் இருந்து கொப்பியில் கோடு போட்டேன்.

"பிள்ளைக்கு எத்தினை மாதம்?" என்று நடுவில் கேட்டார்.

"எட்டு மாதம்."

எண்ணுவதை நிறுத்தினார். "எட்டு மாதப் பிள்ளைக்கு இது வேண்டாம். பால் குடு. நெஞ்சு இழுக்குதோ எண்டு பார். இழுத்தால் டொக்ரரிட்டக் கொண்டு போ. மல்லித்தண்ணியை நீ குடி."